நாலு மணிச் சங்கும் நிமிடத்துக்கு ஒரு கோலமும்

தொண்ணூறுகளின் நடுவில் கருமத்தம்பட்டியில் ஒரு கேபிள் டிவி அலுவலகத்தில் வேலை பார்த்தேன். வீடு போத்தனூரில். ஜங்ஷனுக்குப் பக்கத்தில் ரயில் நேரம் பார்த்தே வளர்ந்ததால், கடிகாரம் ஒரு நிமிடம் தப்பினாலும் எனக்குப் பொறுக்காது. அன்றாடம் நடப்பதை நாள், மணி போட்டு டைரியில் எழுதும் பழக்கமும் உண்டு.

மத்தியானப் படம் முடிந்து அடுத்தது தொடங்கும்வரை அரைமணி நேரம் திரை சும்மா இருக்கும். அதற்காகக் கணினியில் ஒரு புரோகிராம் எழுதினேன். அது கடிகாரத்திலிருந்து தேதி, மணி, நிமிடம் மூன்றையும் எடுத்து, அந்த எண்களைக் கொண்டே கோடுகளை வளைத்துப் பின்னி ஒரு கோலம் போடும். நிமிடம் மாறியதும் அதை அழித்துவிட்டு வேறொன்று. எதையும் சேமித்து வைக்காது, அப்போதைக்கப்போது வரைவதுதான். கணினிப் படத்தை டிவிக்கு மாற்றும் பெட்டி வழியாக அது ஊரெங்கும் போகும். யாராவது பார்த்தார்களா என்று எனக்குத் தெரியாது.

ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, சேலை பார்டருக்கு டிசைன் வரைந்து கொடுக்கும் பெண் ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். விசைத்தறிக்காரர்களுக்கு வேலை தரும் சேலை வியாபாரி அவருடைய இரண்டு டிசைன்களைப் பழசு என்று திருப்பிவிட்டாராம். புதன்கிழமைக்குள் புதிதாக ஒன்று கொடுக்காவிட்டால் வேலை ஈரோட்டுக்காரர் ஒருவருக்குப் போய்விடும். போன வியாழக்கிழமை எங்கள் சேனலில் ஒரு கோலத்தைப் பார்த்திருக்கிறார். பேனா எடுத்து வருவதற்குள் மறைந்துவிட்டது. நினைவில் இருந்ததைக் கிராஃப் தாளில் வரைந்து கொண்டுவந்திருந்தார். பாதிதான் வந்திருந்தது.

எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

"மில்லுச் சங்கு ஊதறப்பங்க. எங்கூட்டுக்காரர் ஷிப்டு முடிஞ்சு வாரதுக்குக் காப்பி போட்டுட்டு இருந்தேன்."

நாலு மணிச் சங்கு. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. கணினியின் தேதியை வியாழனுக்கும் மணியை நாலுக்கும் திருப்பினால் அதே கோலம் வந்தாக வேண்டும். திருப்பினேன். ஒரு கோலம் வந்தது. அவர் தலையசைத்து மறுத்தார். முன்னும் பின்னும் ஐந்தைந்து நிமிடம் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் அவருடைய தாளோடு ஒத்துப்போகவில்லை. எதையோ மனதில் கற்பித்துக்கொண்டு வந்துவிட்டோமோ என்று அவரே சொல்லத் தொடங்கிவிட்டார். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. அதைச் சொல்லாமல் டைரியைப் புரட்டினேன்.

வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு வரி: "கணினிக் கடிகாரம் பிழை. திருத்தினேன்." எவ்வளவு பிழை, முன்னாலா பின்னாலா, எதுவும் இல்லை. ஆண்டுக்கணக்கில் டைரி எழுதியவன், எழுத வேண்டிய ஒன்றை விட்டிருந்தேன்.

உள்ளறையிலிருந்த முதலாளியிடம் கேட்டேன். அவர் சாவகாசமாக வந்தார்.

"ஏனுங்க, அது பிழையில்லீங்க. நாந்தானுங்க பத்து நிமிசம் முன்னால வெச்சிருந்தேன். நம்மூட்டுல எல்லாக் கடியாரமும் அப்படித்தானுங்களே. அப்பத்தான் பஸ்ஸப் புடிக்க முடியும்."

"கம்ப்யூட்டர் எந்த பஸ்ஸுக்குங்க போகுது?"

அந்தப் பெண் முதல்முறையாகச் சிரித்தார். தன் வீட்டுக் கடிகாரம் கால்மணி நேரம் முன்னால் ஓடுவதாகவும் சொன்னார். அதனால்தான் அவர் கடிகாரத்தை விட்டுச் சங்கைச் சொல்லியிருக்கிறார்.

அப்படியானால் சங்கு ஊதியபோது கணினியில் நாலு பத்து. வியாழன், நாலு பத்துக்குத் திருப்பினேன். கோடுகள் ஓரத்திலிருந்து கிளம்பி நடுவில் பின்னி இரண்டு இரண்டாகப் பிரிந்தன. அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். நிமிடம் முடிந்து கோலம் அழிந்ததும் மறுபடி திருப்பினேன். அப்படி ஏழு முறை. விட்டுப்போன பாதியை அவர் கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டார். ஆனால் முதலில் நினைவிலிருந்து வரைந்த பாதியில் ஒரு வளைவு உள்பக்கம் திரும்பியிருந்தது. திரையில் அது வெளிப்பக்கம் போனது. அழிக்க ரப்பர் எடுத்துக் கொடுத்தேன்.

அவர் வாங்கவில்லை. திரையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இப்படியே இருக்கட்டுங்க. வெளிய போனா சேலை மடிப்புல காணாமப் போயிரும்."

அவர் போனபின் கடிகாரத்தைச் சரியான நேரத்துக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் பத்து நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. இந்த முறை நான் திருத்தவில்லை. பத்து நிமிடம் கூடுதல் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டினேன், டைரியிலும் எழுதினேன்.

புதன்கிழமை சாயங்காலம் அவர் மறுபடி வந்தார். டிசைனை வியாபாரி எடுத்துக்கொண்டாராம். அடுத்த வாரம் தறியில் ஏறுகிறது. உள்ளே திரும்பிய அந்த வளைவைத்தான் வியாபாரி விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாராம். எங்கிருந்து பிடித்தாய் என்று கேட்டதற்கு, டிவியில் நாலு மணிக்கு வந்தது என்று இவர் சொல்லியிருக்கிறார்.

உள்ளறையிலிருந்து முதலாளியின் குரல் வந்தது.

"நாலு பத்துன்னு சொல்லியிருக்கோணும், அம்மணி."