என் வீட்டுக்காரரின் நறநற

கல்யாணமான முதல் வாரத்திலேயே என் வீட்டுக்காரருக்கு என்மேல் கோபம் என்று முடிவு கட்டிவிட்டேன். பகலில் அதற்கான அடையாளமே இருக்காது. குழம்பில் உப்பு ஜாஸ்தியானாலும் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற மனிதர். தூங்கிவிட்டால் மட்டும் பல்லை நறநறவென்று கடிப்பார். கோபம் வந்தவர்கள்தானே பல்லைக் கடிப்பார்கள்? நான் கேட்டு வளர்ந்த தமிழில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. பகலெல்லாம் முழுங்கின கோபத்தைத் தூக்கத்தில் மெல்லுகிறார் என்றே நினைத்தேன்.

அது 2008. கடலூர் முதுநகரில் குடியிருந்தோம். அவர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். நாள் முழுக்க விசிலைப் பல்லில் கவ்விக்கொண்டே திருவந்திபுரத்துக்கும் முதுநகருக்கும் போய் வருவார்.

"எம்மேல எதுனா கோவமா மாமா?" என்று கேட்பேன்.

"ஒம்மேல எனக்கென்ன கோவம்?" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். நான் சண்டை போட்டே வளர்ந்தவள். கோபப்படத் தெரியாத ஆளோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது?

அம்மாவிடம் சொன்னேன். "வயித்துல பூச்சி இருக்கும்டி. வேப்பங்கொழுந்த அரைச்சிக் குடு" என்றாள். கொடுத்தேன். முகத்தைக்கூடச் சுளிக்காமல் குடித்தார். அன்றைக்கும் நறநற. போச்சு, வேப்பங்கொழுந்துக் கோபமும் சேர்ந்துகொண்டது என்று நினைத்தேன்.

ஒரு நாள் காலையில் அவரால் வாயைத் திறக்க முடியவில்லை. ஒரு விரல் நுழையும் அளவுதான் திறந்தது. இட்லியைச் சாம்பாரில் கரைத்து ஊட்டினேன். ஸ்டாப்பிங் பேர் கத்த முடியாத கண்டக்டரை வைத்துக்கொண்டு முதலாளி என்ன செய்வார்? பயந்துபோய் அன்றைக்கே சிதம்பரத்தில் ஒரு பல் டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

டாக்டரம்மா அவர் தாடையை அமுக்கிப் பார்த்துவிட்டு, "தூக்கத்துல பல்லக் கடிப்பாரா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமாம் டாக்டர். எம்மேல கோவம்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "சாதுவா இருக்கறவங்களும் கடிப்பாங்கம்மா. டென்ஷனா இருக்கலாம், தூக்கம் சரியில்லாம இருக்கலாம். இதான் காரணம்னு ஒண்ணக் காட்ட முடியாது." பிறகு, "பல்லுக்கு ஒரு தட்டு செஞ்சித் தரேன். மாட்டிக்கிட்டுப் படுக்கணும். கடிக்கிறத அது நிறுத்தும்னு சொல்ல மாட்டேன். பல்லு தேயாது. தாடை வலி சில பேருக்குக் கொறையும், சில பேருக்குக் கொறையாது" என்றார். விசிலையும் இனிமேல் பல்லில் கவ்வக் கூடாதாம்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. கடிப்பதை நிறுத்தாத சாமானுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்? அவரோ நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். குழைத்த மாவு மாதிரி எதையோ வாயில் வைத்து அச்செடுத்தார்கள். அடுத்த வாரம் கண்ணாடி போல ஒரு தட்டு வந்தது. நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி, சாயம் பட்ட இடங்களை ராவி ராவிப் பொருத்தினார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா அதை டப்பாவில் பார்த்துவிட்டு, "இந்த வயசுலயே பல்செட்டா? மாப்பிள்ளைக்கு என்ன வயசுன்னு சொல்லி ஒன்னக் கட்டிக்குடுத்தாங்க?" என்று துக்கம் விசாரித்தாள். அவளுக்கு விளக்குவதற்குள் என் தாடை வலித்துவிட்டது.

தட்டை மாட்டினால் அவர் பேச்சு குழறும், தலையணை நனையும். ஆனால் நறநற சத்தம் போய்விட்டது. கல்யாணத்துக்கப்புறம் முதல் தடவையாக நானும் அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன். ஒரு மாதம் கழித்துத் தட்டைக் கழுவும்போது பார்த்தேன், கோடு கோடாகத் தேய்ந்திருந்தது. அப்படியானால் இன்னும் கடிக்கத்தான் செய்கிறார். கோபம் அப்படியே இருக்கிறது, நாம்தான் அதன் வாயைப் பொத்திவிட்டோம் என்று மனசு மறுபடி அரிக்க ஆரம்பித்தது. டாக்டரம்மாவிடம் இதைக் கேட்டே தீர்வது என்று அவரோடு சிதம்பரம் பஸ் ஏறினேன்.

"ஒண்ணு கேக்கணும் டாக்டர்" என்று நான் முடிப்பதற்குள் டாக்டரம்மா அவரைக் கேட்டார்: "இப்ப எப்படி இருக்கு?"

"நல்லாத் தூங்குறா டாக்டர்" என்றார் இவர்.

"அவுங்களக் கேக்கலங்க. ஒங்க தாடை எப்படி இருக்கு?"

இவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அப்போதுதான் அது ஞாபகத்துக்கு வந்தது போலிருந்தது.

"இதுவா? இதுவும் தேவல."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "நீங்க என்னமோ கேக்க வந்தீங்களே?" என்றார் டாக்டரம்மா. ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்.