எண்ணெய் குடித்த டயர்

என் கையெழுத்து வரிக்கு வரி சாயும். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது இன்றுவரை எனக்குத் தடுமாற்றம்தான். தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் வாய் திறந்து சொல்ல வெட்கமாக இருப்பதால்தான் எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் எங்கள் மலாய் நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தில் நான் காஜா பெராங்கில் அக்கா வீட்டில் இருந்தேன். அத்தானுக்குப் பண்டார் ஹிலிரில் துணிக்கடை. கடை போய்விட்டது, கார் மட்டும் மிஞ்சியது. அதுவும் சும்மா மிஞ்சவில்லை. அரிசிக் கிடங்குகளைப் பார்க்கும் ஜப்பானிய அதிகாரி ஒருவன், வாரம் ஒருமுறை அலோர் காஜாவுக்குப் போய்வர வேண்டும் என்று அதை எங்களிடமே விட்டுவைத்திருந்தான். பெட்ரோல் அவன் கொடுப்பான். ஓட்டுவது நான். டயருக்கு நாங்கள் பொறுப்பு.

ஊரைச் சுற்றி ரப்பர் மரம், வாங்கப் போனால் ஒரு டயர் கிடையாது. பின்பக்க டயர் ஒன்று பழசாகி வெடித்தபோது, குப்பையில் கிடந்த டயரில் ஒரு துண்டு வெட்டி, ஷீட் ரப்பரைப் பெட்ரோலில் ஊறவைத்துப் பசையாக்கி, உள்பக்கம் ஒட்டினேன். அடுத்த பயணத்திலேயே அது வெடித்தது. மறுபடி ஒட்டினேன். மறுபடி வெடித்தது.

அந்த மூன்றாம் முறை வயலோரம். அதிகாரி பளபளக்கும் பூட்ஸோடு சேற்றில் இறங்கினான். தனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், "ரப்பர் நாட்டில் டயர் வெடிக்குமா? நீ வேண்டுமென்றே செய்கிறாய். இன்னொரு தடவை வெடித்தால் உனக்குச் சயாம்" என்றான்.

சயாம் என்றால் அங்கே காட்டுக்குள் ஜப்பான்காரன் போட்ட ரயில் பாதை வேலை. லாரியில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் யாரும் அதுவரை திரும்பி வரவில்லை.

காற்று குறைவோ என்று தினமும் பம்ப் அடித்தேன். ஆணி இருக்கிறதா என்று உள்ளே விரல் விட்டுத் தடவினேன். சக்கரம் எங்காவது உரசுகிறதா என்று படுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஆனால் ஒட்டு மட்டும் வாழைப்பழத் தோல் போலக் கழன்று வந்தது. அது விலகிய இடத்தில் டியூப் பிதுங்கி வெடித்திருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் கிணற்றடிக்குப் போனவன் அப்படியே நின்றேன். அக்கா காருக்குப் பக்கத்தில் குந்தி, சிரட்டையில் செம்பனை எண்ணெய் வைத்துக்கொண்டு டயரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாக்கா பண்றே?"

"பாத்தா தெரியல? வெயில்ல நின்னு எப்படி வெடிச்சுக் கெடக்கு பாரு, என் குதிகாலாட்டம். எண்ணெ வச்சா எளகும்ல."

"எப்பலேருந்து?"

"டயரு மொத தடவ வெடிச்சதுலேருந்துதான். சனிக்கிழமையானா ஒரு கை வைப்பேன். ஒனக்காவத்தான்டா தம்பி."

வெடிப்பு வழியே இறங்கிய எண்ணெய்தான் உள்ளே பசையைத் தின்றிருந்தது. கழன்ற ஒட்டை எடுத்து அவள் கையில் வைத்தேன். அவள் அதை விரலால் வழித்துப் பார்த்தாள். அதற்குள் அத்தான் வந்துவிட்டார்.

"அடி இவளே! சட்டியில எண்ணெ இல்ல, என் மண்டையில எண்ணெ இல்ல, காருக்கு மட்டும் எண்ணெக் குளியலா?"

அக்கா சிரிக்கவில்லை. "இவன அனுப்பிருவானுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

திங்கட்கிழமை பயணம். தலையில் எண்ணெய் எடுப்பதுபோலவே எடுத்தோம். அரப்புத்தூளும் அடுப்புச் சாம்பலும் போட்டு அக்கா விரல் தோலுரியத் தேய்த்தாள். உடைந்த கண்ணாடியால் நான் உள்பக்கம் சுரண்டினேன். நிழலில் காயவைத்து, புது ஒட்டுப் போட்டு, அதன்மேல் அம்மிக்கல்லை ஏற்றினோம்.

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. திரும்பும்போது அதிகாரி பின் சீட்டில் தன் பக்கத்தில் அரிசி மூட்டைகளை ஏற்றச் சொன்னான். டயர் அமுங்கியது. என் வாழ்நாளில் பெரிய மனிதர் யாரிடமும் எதிர்த்துப் பேசாத நான், "பெராட், துவான்" என்றேன். கனம் அதிகம் ஐயா, அவ்வளவுதான் சொன்னேன். கன்னத்தில் அறை விழுந்தது. மூட்டை இறங்கவில்லை.

புக்கிட் பாரு வரும்வரை நான் பாதையைப் பார்க்கவில்லை, சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ரப்பர் சூடேறிய வாடை வந்தது. அவனுக்கும் வந்திருக்கும், மூக்கைச் சுளித்தான். மெதுவாகப் போனால் பின்னாலிருந்து இருக்கையை உதைத்தான். டயர் தாங்கியது.

பண்டார் ஹிலிரில் இறங்கியவன் அந்தப் பின்சக்கரத்தைப் பூட்ஸ் முனையால் தட்டினான், குனிந்து கையாலும் அழுத்திப் பார்த்தான். "பாகுஸ்" என்றான். நல்லதாம்.

மறுநாள் காலை இரண்டு சிப்பாய்கள் வந்து நான்கு டயர்களையும் கழற்றிக்கொண்டு போனார்கள். இராணுவத்துக்கு நல்ல டயர் வேண்டுமாம். இனி வண்டி ஓட்ட வரவேண்டாம் என்றும் சொன்னார்கள். சயாம் பேச்சே எடுக்கவில்லை.

செங்கல் அடுக்கி நிறுத்திய காரைப் பிடித்துக்கொண்டு அத்தான் அழுதார். அக்கா அவர் பக்கம் போகவே இல்லை. மரவள்ளிக்கிழங்கை அவித்து எனக்கு முன்னால் வைத்து, நான் தின்று முடிக்கும்வரை நகராமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

1961, மாசி மாதம் ஆறாம் நாள்.