கழுத்தில் போட்ட ஊசி

பொம்மைக்குக் கண் எழுதுவது என் வேலை. அறுபதுகளின் கடைசியில் விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றில் அந்த வேலைக்கு நாங்கள் நாலு பெண்கள். அதில் என் கைதான் சுத்தம் என்று நானே சொல்லிக்கொள்வேன். ஒருநாள் எங்கள் ஊர் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து நான் வந்த பஸ் வாய்க்காலில் சாய்ந்தது. யாருக்கும் அடியில்லை. எனக்கு மட்டும் அதன்பின் பஸ் படியில் கால் வைத்தாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும், மூச்சு முட்டும், இப்போதே சாகப்போகிறேன் என்று தோன்றும்.

மூன்று மாதம் வீட்டுக்காரர் சைக்கிளில் கொண்டுவந்து விட்டார். நடவு வந்தது. இனி முடியாது என்று அவர் சொல்லவில்லை; சொல்லாததுதான் உறுத்தியது. பஸ் ஏறாவிட்டால் என் வேலை போச்சு.

டவுனில் ஒரு டாக்டர், கைவலிக்காரர்களுக்குக் கழுத்து நரம்பை மரத்துப்போக வைக்கும் ஊசி போடுகிறவர்.

“படபடப்புக்கு இது கேக்குமான்னு எனக்கே தெரியலம்மா. போட்டுப் பாக்கலாம். வேணாம்னாலும் சரிதான்.”

தெரியாது என்று சொல்கிற டாக்டரை அன்றுதான் பார்த்தேன். அதனாலேயே நம்பினேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் கழுத்தை நீட்டியது அவரிடம்தான்.

ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் வலது கண்ணிமை பாதி இறங்கியது. மருந்து பிடித்ததற்கு அதுதான் அடையாளம், வேகம் குறைந்தால் தானே ஏறிவிடும் என்றார். வெகுநேரம் உட்கார வைத்துவிட்டு, “பஸ்ஸுலயே வூட்டுக்குப் போங்க. எப்படி இருந்துச்சுன்னு நாளைக்கு வந்து சொல்லுங்க,” என்று அனுப்பினார்.

நெஞ்சு உண்மையிலேயே அடங்கியிருந்தது. பஸ் ஸ்டாண்டில் சைக்கிளைப் போட்டுவிட்டு நானும் வீட்டுக்காரரும் டீ குடித்தோம். நான் கண்ணடிக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, டீ ஆற்றியவர் என் பக்கமே திரும்பவில்லை. அவருக்குச் சிரிப்பு. எனக்கோ ஒரே கவலை: இமை ஏறிவிட்டால் தைரியமும் போய்விடும். பஸ் வருவதற்குள் பத்துத் தடவை கேட்டிருப்பேன்.

“இப்ப எப்படிங்க இருக்குது?”

“பாதி மூடித்தான் இருக்குது. ஏறு.”

ஏறினேன். வாய்க்கால் வந்தபோது கம்பியை இறுகப் பிடித்தேன். வாய்க்கால் போய்விட்டது. அப்புறம் மடியிலிருந்த பட்டாணியை எடுத்துத் தின்றேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்தால் இரண்டு கண்ணும் ஒன்றுபோல் திறந்திருந்தன.

“எப்பங்க தொறந்துச்சு?”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“டீ குடிச்சு முடிக்கறப்பவே.”

பொய் சொன்ன மனுஷனைத் திட்டத்தான் வாயெடுத்தேன். டாக்டர் நாளைக்கு வரச் சொன்னது நினைவுக்கு வந்தது. “நீங்க வயலுக்குப் போங்க. காலையில மொத பஸ்ஸு எத்தினி மணிக்கு?” என்று கேட்டேன்.