மாவு பொங்கிப் பிறந்த உலகமும் ஒரு சனிக்கிழமைப் பயணமும்

பெங்களூருக்குள்ளேயே சுற்றிவிட்டு அதைப் பயணம் என்று எழுதலாமா என்று கேட்பீர்கள். மல்லேஸ்வரத்திலிருந்து ஜீவனஹள்ளி போய்த் திரும்ப ஆறு மணி நேரம் ஆனால் எழுதலாம். போனது சென்ற ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. போன காரணம், நான் சொன்ன ஒரு பொய்.

ஐந்து வருடங்களுக்கு முன், ஓர் ஏப்ரல் காலையில், எங்கள் வீட்டுத் தோசை மாவு பொங்கிக் குண்டானைத் தாண்டி, மேடையில் வழிந்து, தரை வரை வந்துவிட்டது. என் மகள் இனியாவுக்கு அப்போது நான்கு வயது. "ஏன்பா இப்படி?" என்றாள். தரையைத் துடைத்துக்கொண்டே நான் ஒரு கதை விட்டேன். ஆதியில் ஒன்றுமே இல்லை, ஒரு பெரியம்மா மட்டும் இருந்தாள். அரிசியும் உளுந்தும் ஆட்டி வைத்துவிட்டுத் தூங்கிப்போனாள். விடிவதற்குள் மாவு பொங்கி வழிந்தது. கெட்டியாக விழுந்த இடம் மலை, நீர்த்து ஓடிய இடம் கடல். "இதுதான் தமிழ்நாட்டுல சொல்ற கதை" என்று முத்திரையும் குத்தினேன். அந்த முத்திரை தேவையே இல்லை, வாய்க்கொழுப்பு.

பயணத்துக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை மாலை, அந்தப் பொய் திரும்பி வந்தது. உலகம் பிறந்த கதைகளைப் பற்றி வகுப்பில் பாடம் நடக்கிறதாம். திங்கட்கிழமை ஒவ்வொரு பிள்ளையும் தன் மக்கள் சொல்லும் கதையைச் சொல்ல வேண்டும். இனியா அட்டையில் பெரிய குண்டானை வரைந்து, மேலே "தமிழர்களின் கதை" என்று எழுதி முடித்திருந்தாள். அவள் வகுப்பில் இன்னும் மூன்று தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கிரகப்பிரவேசத்துக்காக எங்கள் சொந்த ஊரான ஆம்பூர் போயிருந்த என் மனைவி தேவி போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். "திங்கக்கிழமைக்குள்ள நீங்களே உண்மையச் சொல்லிடுங்க. க்ளாஸ்ல நாலு பேர் சிரிச்சாங்கன்னா, அப்புறம் நீங்க எது சொன்னாலும் அவ நம்ப மாட்டா."

சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஒரு கோழை. நிஜமான கதைகளை நாலு பேர் வாயால் கேட்க வைத்தால், அவளே அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு மாவை விட்டுவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். அதற்குத்தான் இந்தப் பயணம்.

காலை 7:40க்குக் கிளம்பினோம். இனியா கையில் ஒரு நோட்டு. அதில் கோடு போட்டு மூன்று தலைப்பு: முதலில் என்ன இருந்தது, யார் செய்தார்கள், என்ன தப்பு நடந்தது. "தப்பு எதுக்கு?" என்றேன். "தப்பு நடக்கலன்னா கதை எப்படிப்பா வரும்?" என்றாள்.

முதல் நிறுத்தம் மல்லேஸ்வரம் மார்க்கெட். நாங்கள் வழக்கமாகப் பூ வாங்கும் அம்மாவுக்குக் கன்னடம் எவ்வளவோ அவ்வளவு தமிழும். இருபது ரூபாய்க்கு ஒரு தாமரை மொட்டை எடுத்து, ஒவ்வொரு இதழாக மடித்துக்கொண்டே சொன்னார். "எல்லாம் வெறும் நீரு பாப்பா. பெருமாள் படுத்துட்டு இருக்காரு. தொப்புள்ல இருந்து இந்தத் தாவரெ வருது. உள்ள பிரம்மா."

"என்ன தப்பு நடந்துச்சு?"

"தப்பா? என்னை யாரு பெத்தாங்கன்னு அவரு தண்டு வழியா இறங்கித் தேடுனாரு பாரு, எவ்ளோ போயும் அடி கிடைக்கலியே!" பத்து நிமிடம் வியாபாரம் நின்றது. பின்னால் இருந்தவர் "பேகா கொடிம்மா" என்று அவசரப்படுத்தினார்.

அங்கிருந்து சம்பிகே ரோடு மெட்ரோ நிலையம், மெஜஸ்டிக்கில் மாறி அல்சூர். ஆளுக்கு நாற்பது ரூபாய், மாறுவதற்கான நடையோடு முப்பத்தைந்து நிமிடம். மெஜஸ்டிக்கில் தாமரையோடு எஸ்கலேட்டர் ஏறாதீர்கள், கூட்டத்தில் பாதி இதழ் போய்விடும்.

அல்சூரிலிருந்து ஜீவனஹள்ளி மூன்றரை கிலோமீட்டர். ஆட்டோக்காரர் சலீம் பாய் நூறு கேட்டு எண்பதுக்கு வந்தார். இனியா நோட்டைப் பார்த்துவிட்டு அவரே ஆரம்பித்தார். "அல்லா மிட்டி எடுத்துதான் ஆதமை செஞ்சாரு பேட்டி. ஒரே இடத்து மண்ணு இல்ல. கருப்பு, சிவப்பு, வெள்ளை, எல்லா ஊரு மண்ணும். அதான் நாம ஒருத்தன் மாதிரி ஒருத்தன் இல்ல."

"தப்பு?"

"சாப்பிடாதேன்னு சொன்னதை சாப்ட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் அதே கதைதானே, டாக்டர் வேணாம்ன்றாரு, நான் பிரியாணி சாப்பிடறேன்!" கோல்ஸ் பார்க் சிக்னல் பச்சையானதுகூட அவருக்குத் தெரியவில்லை, பின்னால் ஹாரன்கள் கத்தின.

ஜீவனஹள்ளியில் எங்களுக்காகக் காத்திருந்தவர் கௌதமன், எங்கள் அலுவலகக் கட்டடத்தின் எலக்ட்ரீஷியன். பெற்றோர் காலத்திலிருந்தே பௌத்தக் குடும்பம். அவர் மனைவி மாலா சுடச்சுடப் பால் கொடுத்தார். கௌதமன் அந்தத் தம்ளரையே காட்டிச் சொன்னார்.

"எங்க கதையில யாரும் உலகத்தைப் படைக்கல பாப்பா. முன்னாடி இருந்தவங்க உடம்பே வெளிச்சம், ஆகாசத்துல பறந்துட்டு இருந்தாங்க. கீழ தண்ணி மேல, ஆறுன பால்ல படியுற ஆடை மாதிரி மண்ணு படிஞ்சுது. ஒருத்தரு விரலால தொட்டு நக்கிப் பாத்தாரு. தேன் மாதிரி இருந்துச்சாம். எல்லாரும் அள்ளி அள்ளி சாப்ட்டாங்க. உடம்பு கனமாச்சு, வெளிச்சம் போச்சு. அப்புறம்தான் சூரியனே தேவைப்பட்டுச்சு."

இனியா தம்ளரில் படிந்த ஆடையைத் தொட்டு நக்கினாள். நோட்டைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "இதுலயும் சாப்பாடு! பாய் கதையிலயும் சாப்பாடு! எங்க கதையும் அப்படித்தான்!" என்று மாவுக் கதையை ஒரு பொட்டு விடாமல் சொல்லி முடித்தாள்.

மாலா கேட்டார், "நல்லா இருக்கே, இது எந்தப் பக்கத்துக் கதைடா?"

"ஆம்பூர் பக்கம். எங்க அப்பா சொன்னாரு."

கௌதமன் என்னைப் பார்த்தார். நான் பால் தம்ளருக்குள் பார்த்தேன். "சார், ஃபியூஸ் போறதுக்குள்ள சரி பண்ணிடுங்க" என்று மட்டும் வாசலில் மெதுவாகச் சொன்னார்.

12:20க்கு அல்சூர் ஏரிக்கரை. பக்கத்துப் பழைய கோயிலின் நடை சாத்தியிருந்ததால் கரையோரம் வேர்க்கடலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். அங்கேதான் சொன்னேன். பெரியம்மா இல்லை, ஆம்பூர் இல்லை, எல்லாம் நான் விட்ட கதை என்று.

இனியா கடலையை மெல்வதை நிறுத்திவிட்டாள். கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருடத்தில் என்னையே எனக்கு இவ்வளவு பிடிக்காமல் போனதில்லை. அப்புறம் நோட்டில் நான்காவதாக ஒரு தலைப்பு போட்டாள்: யார் சொன்னார்கள். பூக்காரம்மா, சலீம் பாய், கௌதமன் மாமா என்று எழுதினாள். மாவுக்கு நேரே, "அப்பா. பொய்."

"பூக்காரம்மாவுக்கு யார் சொன்னாங்க?"

"அவங்க வீட்ல யாராவது."

"அவங்களுக்கு?"

"அவங்களுக்கு முன்னாடி இருந்தவங்க."

"எல்லாருக்கும் முதல்ல சொன்னாங்களே, அவங்க வீட்டுப் பசங்ககிட்ட சாரி சொன்னாங்களா?"

"தெரியலையேம்மா."

"நீங்க சொல்லுங்க."

சொன்னேன். இரண்டு முறை சொல்ல வைத்தாள், முதல் முறை சரியாகக் கேட்கவில்லையாம். 1:40க்கு வீடு.

போக நினைப்பவர்களுக்கு: சனிக்கிழமை காலை எட்டுக்குள் மார்க்கெட்டில் இருங்கள், ஒன்பதுக்கு மேல் பூக்காரர்களுக்குப் பேச நேரம் இருக்காது. அல்சூர் கோயிலைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் அதை முடித்துவிட்டு ஜீவனஹள்ளி போங்கள். மொத்தம் எங்களுக்கு நானூறு ரூபாய்க்குள் முடிந்தது. எந்தக் கதை உசத்தி என்று யாரிடமும் கேட்காதீர்கள், உங்கள் கதை என்ன என்று கேளுங்கள். கிரீன் சிக்னலில்கூட நின்று சொல்வார்கள். பிள்ளையை அழைத்துப் போனால், கிளம்பும் முன்பே உண்மையைச் சொல்லிவிடுங்கள். கடலையாவது ருசிக்கும்.

திங்கட்கிழமை என்ன ஆயிற்று என்கிறீர்களா? அட்டையில் "தமிழர்களின் கதை" என்பதை அடித்துவிட்டு "எங்க அப்பாவின் கதை" என்று எழுதி எடுத்துப் போனாள். கதை முடிந்ததும் வகுப்பில் ஒரே ஒரு கேள்விதான் வந்ததாம்: அவ்வளவு மாவும் வழிந்ததே, அதையெல்லாம் யார் துடைத்தார்கள்?

இனியா யோசிக்கவே இல்லையாம். "எங்க அப்பாதான். அது நிஜம், நானே பாத்தேன்."