சந்தனம் படிந்த ஈ

மகனுக்கு முதல் மொட்டை அடித்த அன்று, அவன் தலையில் வந்து உட்கார்ந்த ஈயை நான் விரட்டவில்லை. படம் எடுத்தேன்.

கலியாணம் முடித்துப் பெரியகல்லாற்றுக்கு வந்ததிலிருந்து எனக்கு அந்தப் பழக்கம். விலங்கியல் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்தவளுக்கு, போனில் மாட்டும் சிறு லென்ஸும் கடற்கரை ஈக்களும் போதுமாக இருந்தன. கரையில் ஒதுங்கிய பாசியில் மொய்ப்பவற்றைக் கிட்டத்தில் எடுத்து, பூச்சி பார்ப்பவர்களின் குழுவொன்றில் போடுவேன். எந்த ஊர், எதன்மேல் இருந்தது என்று கீழே எழுத வேண்டும். முகம் உப்பியிருக்கிறதா, சிறகு நரம்பு எங்கே வளைகிறது என்று பார்த்து இனம் சொல்வார்கள். நாளடைவில் நானும் சொல்லத் தொடங்கினேன்.

அன்று கோயிலில் சவரக்கத்தி அவன் உச்சியில் கொஞ்சம் கீறிவிட்டது. வழக்கம்போல் மொட்டை முழுவதும் சந்தனம் பூசினார்கள். வீட்டுக்கு வந்ததும் பாயில் தூங்கிவிட்டான். மத்தியானம், காற்றே இல்லை. கீறலின் ஓரத்தில் ஈ. லென்ஸை மாட்டினேன், எடுத்தேன், பிறகு கையை வீசினேன்.

படத்தைப் பெரிதாக்கினேன். ஈயின் முதுகில் மூன்று கருங்கோடுகள், இடையில் வெளிறிய பட்டைகள். இறைச்சி ஈ. அந்த இனத்தின் தாய் முட்டை இடுவதில்லை. உயிருள்ள புழுக்களையே புண்ணில் விட்டுப் போகும்.

கணவரின் தங்கை குசினி வாசலில் நெத்தலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“என்னகா மச்சாள், புள்ளைட தலையில புதையலா தேடுறாய்?”

“ஒரு ஈ இருந்திச்சு.”

“ஈ இல்லாத வீடு எங்க இருக்கு? அதுக்கும் பேர் வச்சாச்சா?”

கொதித்தாறிய தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். சந்தனம் கரைந்ததும் கீறல் மெல்ல ஏறி இறங்கியது. ஏழு மாதக் குழந்தையின் உச்சி அப்படித்தான் துடிக்கும். படித்திருக்கிறேன். ஆனாலும் அந்த அசைவு உச்சியிலிருந்து வருவதாக நம்ப முடியவில்லை. கீறலுக்குள் ஏதோ இடம் மாறிப் படுப்பதுபோல் இருந்தது.

படத்தைக் குழுவில் போட்டேன். நான் நேரில் கண்டிராத ஓர் அக்கா பதில் எழுதினார்: “அளவு தெரியவில்லையே. ஈ நிற்பது என்ன பாசி? இப்படிக் கட்டையாக, கறுப்பாக முளைப்பதை நான் பார்த்ததில்லை.”

என் மகனின் தலைமயிர் என்று எழுதினேன். அனுப்பாமல் அழித்தேன்.

அளவுக்காக ஒரு அரிசியைக் கீறலின் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே நீளம். படத்தில் ஈ அந்தக் கீறலில் பாதிகூட இல்லை. இறைச்சி ஈ அவ்வளவு சின்னதாக இராது. மறுபடி பெரிதாக்கினேன். வெளிறிய பட்டைகள் முதுகோடு நிற்காமல் சிறகிலும் காலிலும் வழிந்திருந்தன, காய்ந்து வெடித்திருந்தன. சந்தனம். அது படியாத இடங்களைத்தான் நான் கோடுகளாக எண்ணியிருக்கிறேன். முகம் முன்னால் உப்பியிருந்தது. பாசி தின்னும் வெறும் கரையோர ஈ.

என்றாலும் அடுத்த நாள் களுவாஞ்சிக்குடிக்குக் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டினேன். காயம் சுத்தமாக இருக்கிறது என்றார். இரண்டு தரம் கேட்டேன். இரண்டு தரமும் அதையே சொன்னார்.

வீட்டுக்கு வந்து, குழுவில் திருத்தம் போடத் தெளிவான படம் ஒன்றைத் தேடினேன். ஒரே ஒரு தரம் எடுத்ததாகத்தான் எனக்கு ஞாபகம். போனில் பதினொரு படங்கள் இருந்தன.

முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் இடையில் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம். முதலாவதில் ஈ கீறலுக்குத் தள்ளி நிற்கிறது. நான்காவதில் அதன் விளிம்பில். ஆறாவதில் வாயைக் கீறலுக்குள் இறக்கியிருக்கிறது. படத்துக்குப் படம் என் நிழல் அவன் தலையில் முன்னேறி வருகிறது. கடைசிப் படத்தில் தலை முழுவதும் இருட்டு, கீறலில் மட்டும் வெளிச்சம். ஒன்றிலும் கை நடுங்கவில்லை.

ஏழாவது படம்தான் மிகத் தெளிவு. அதைப் போட்டேன். இனம்: கரையோர ஈ. ஊர்: பெரியகல்லாறு. எதன்மேல் இருந்தது என்ற இடத்தை வெறுமையாக விட்டேன்.