பூச்சிக்கு நறுக்கிய கேரட்

சித்தி மகள் எங்கள் அரியலூர் வீட்டுக்கு வந்து இறங்கியபோது கையில் ஒரு துணிப்பையும் ஒரு கண்ணாடித் தொட்டியும் இருந்தன. தொட்டிக்குள் ஒரு பல்லி. சுவரில் ஓடுகிற பல்லி இல்லை. மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி தெளித்த, கடையில் வாங்கிய சென்னைப் பல்லி. பிறந்தநாளுக்குச் சித்தப்பா வாங்கித் தந்ததாம். என் பிறந்தநாளுக்கு ஜாமெட்ரி பாக்ஸ் வந்தது, அதுவும் மூடி சரியாக மூடாதது.

சித்திக்கு உடம்பு சரியில்லை, திருச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், சித்தப்பா கூடவே இருக்க வேண்டியிருக்கிறது, அதனால் இவள் கொஞ்ச நாள் நம்மோடுதான் என்றாள் அம்மா. நான் ஐந்தாவது, அவள் நாலாவது. கொஞ்ச நாள்தானே என்று நானும் பெரிய மனது பண்ணினேன்.

வந்த அன்றே ஜன்னலோர இடம் போயிற்று. மறுநாள் அம்மா பக்கத்தில் படுக்கிற இடம் போயிற்று. அப்புறம் என் தீபாவளிப் பாவாடை, "பாவம்டி, போட்டுக்கட்டும்" என்று போயிற்று. சாப்பிட உட்கார்ந்தால் அவள் சோற்றில் மட்டும் நெய் மிதக்கும். அம்மா பிசைந்து, உருட்டி, வாயில் ஊட்டுவாள். நாலாவது படிக்கிற கழுதைக்கு யாராவது ஊட்டுவார்களா? ஞாயிற்றுக்கிழமையானால் அவளுக்கு மட்டும் தலை சீவி, பூ வைத்து, ரயிலேற்றித் திருச்சிக்குக் கூட்டிப் போவாள். நான் அப்பாவோடு வீட்டில் கிடப்பேன். எனக்கு வயிறு எரிந்தது. சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே எரிந்தது.

அந்தப் பல்லிக்கு உயிருள்ள சிள்வண்டுகள்தான் சாப்பாடு. பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் முட்டை அட்டைகளை அடுக்கி, அதற்குள் அவற்றைக் குடும்பம் குடும்பமாக வளர்க்க வேண்டும். பல்லியைத் தோளில் விட்டுக்கொண்டு திரிகிற மகாராணிக்குப் பூச்சி என்றால் மட்டும் அருவருப்பு. டப்பாவைத் திறந்தாலே கத்துவாள். அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "அவ பல்லியப் பாத்துக்கட்டும். நீ பூச்சியப் பாத்துக்க."

ஆக, பல்லி அவளுக்கு. பல்லி தின்னப்போகிற பூச்சி எனக்கு.

சித்தப்பா வீடியோ காலில் வந்து பாடம் எடுத்தார். பட்டினிப் பூச்சியைப் போட்டால் பல்லிக்கு ஒன்றும் ஒட்டாது; ரெண்டு நாள் நன்றாகத் தின்னவிட்டுப் போட்டால்தான் சத்து. "பூச்சி வயித்துல என்ன இருக்கோ, அதாம்மா பல்லிக்குப் போவும்" என்றார். அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். தினமும் காலையில் கேரட்டைப் பொடிப்பொடியாக நறுக்கி, முருங்கைக்கீரையை உருவி, முட்டை ஓட்டை இடித்து ஒரு சிட்டிகை தூவி, கிண்ணத்தை என் கையில் கொடுப்பாள். எனக்கு ஒரு நாளாவது இப்படிக் கேரட் நறுக்கித் தந்திருப்பாளா?

முதல் வாரம் ஒழுங்காகத்தான் போட்டேன். அப்புறம் ஒரு காலையில், அவளுக்குச் சடை பின்னி முடித்ததும் அம்மா குனிந்து உச்சந்தலையில் முத்தம் கொடுப்பதைப் பார்த்துவிட்டேன். கிண்ணத்தோடு கொல்லைக்குப் போய்க் கேரட் முழுவதையும் நானே தின்றேன். கீரையைப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டேன். பூச்சிகளுக்கு ஒரு கை பொரி. அவை பாட்டுக்குத் தின்றன, கத்தின. பல்லியும் வழக்கம்போல அஞ்சாறு பூச்சியை லபக் லபக்கென்று விழுங்கிவிட்டு வயிறு உப்பப் படுத்துக்கொண்டது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. எனக்கென்றால் பரம திருப்தி. மறுநாளும் அப்படியே செய்தேன். இரண்டு மாதம் அப்படியே ஓடியது.

பிறகு பல்லியின் கால்கள் நடுங்க ஆரம்பித்தன. உடம்பைத் தூக்க முடியாமல் தரையோடு இழுத்துக்கொண்டு போனது. தங்கச்சி தொட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள். "வாராவாரம் அம்மா மொதல்ல பல்லியத்தான் கேக்குறாங்க பெரியம்மா. செத்துப்போச்சுன்னா நான் போயி என்ன சொல்லுவேன்?"

அம்மா தொட்டியைத் தூக்கிக்கொண்டு, எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். முன்னால் ஒரு சினை மாடு, பின்னால் நாலு வெள்ளாடு, நடுவில் நாங்கள். "பல்லிக்கெல்லாமா வைத்தியம் பாக்குறாங்க?" என்று ஆட்டுக்காரர் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. காலை மெல்லத் தடவி, அழுத்திப் பார்த்தார்.

"எலும்பு வலுவே இல்லம்மா. என்ன குடுக்குறீங்க?"

"பூச்சிதாங்க சார். நல்லாத் திங்குது."

"சரி, பூச்சிக்கு என்ன குடுக்குறீங்க?"

கேரட்டு, முருங்கைக்கீரை, முட்டை ஓடு என்று அம்மா பெருமையாக ஒப்பித்தாள். ஒப்பித்துவிட்டு என்னைப் பார்த்தாள். சும்மாதான் பார்த்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. மாடு, ஆடு, டாக்டர் எல்லார் முன்னாலும் நடந்ததை உளறிக் கொட்டினேன்.

மருந்து கொடுத்தார். பிழைத்துக்கொள்ளும், கால் மட்டும் கொஞ்சம் வளைந்தே இருக்கும் என்றார். அப்படியேதான் ஆயிற்று.

வீட்டுக்கு வந்ததும் முதுகில் நாலு விழும் என்று காத்திருந்தேன். "ஒரு கேரட்டுக்காடி?" என்று மட்டும் கேட்டாள் அம்மா.

"அவளுக்கு நெய்யி ஊத்துற, ஊட்டி விடுற, அவ பல்லியோட பூச்சிக்குக்கூட நறுக்கி வெக்கிற! எனக்கு என்ன செஞ்ச?"

"ஞாயித்துக்கெழம நீயும் வா" என்றாள் அம்மா.

போனேன். கட்டிலில் கிடந்த சித்தியை எனக்கு அடையாளமே தெரியவில்லை. அவ்வளவு மெலிந்திருந்தாள். அம்மா கொண்டுபோன ரசஞ்சோற்றைப் பார்த்ததும் வேண்டாமென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்று நாளாக எதுவும் இறங்கவில்லை என்றார் சித்தப்பா. தங்கச்சி கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள்.

"பல்லி எப்புடிடி இருக்கு?"

"காலு வலியாம்மா அதுக்கு. டாக்டரு மருந்து குடுத்துட்டாரு." அவ்வளவுதான் சொன்னாள். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

சித்தி அவள் கன்னத்தை நிமிண்டினாள். தோளிலிருந்து மணிக்கட்டு வரை கையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். "சதை போட்டுட்டாளேக்கா!" என்று சிரித்தாள். அவளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்தச் சோத்துல ரெண்டு வாய் குடுக்கா" என்றாள். சித்தப்பா சட்டென்று எழுந்து வெளியே போனார். அம்மா சோற்றைப் பிசைந்து, உருட்டி, சித்தி வாயில் ஊட்டினாள்.

அத்தனை நாளும் அம்மா நெய் ஊற்றி ஊட்டியது யாருக்கு என்று விளங்க எனக்குப் பல வருடம் பிடித்தது. அன்றைக்கு நான் செய்தது ஒன்றுதான். என் கன்னத்தை நன்றாக உப்பிக்கொண்டு, கட்டிலோரம் போய் நின்றேன். சித்தி என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு அப்படி ஒரு கோபம்.