அண்ணை வீட்டுக் கிடாரம்

எனக்கு இருப்புக் கொள்ளாத வியாதி உண்டு. ஒரு வீட்டில் சூடேற்றும் பொயிலர் பூட்டிவிட்டு வந்தால், இரண்டு மூன்று நாளைக்கு அதன் ஒவ்வொரு இணைப்பையும் மனதுக்குள் திரும்பத் திரும்ப முறுக்கிக்கொண்டிருப்பேன். என் பிள்ளைகள் டேனிஷில் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். டென்மார்க்கின் வைலே நகரில் எரிவாயு வேலை செய்யத் தொடங்கிய நாளிலிருந்து, என் வேலையால் ஒருவருக்கும் ஒரு தும்மல்கூட வந்ததில்லை என்ற திமிர் எனக்கு இருந்தது. அண்ணை வீட்டோடு அது போய்விட்டது.

என் அண்ணை பக்கத்து நகரான ஹோர்சன்ஸின் ஓரத்தில் பழைய பெரிய வீடொன்றை வாங்கினார். ஒன்பது அறைகள். இரண்டு மகன்மாரும் குடும்பத்தோடு அங்கேயே வந்துவிட்டார்கள். ஊரெல்லாம் மின்சார ஹீட் பம்புக்கு மாறுகிற நேரத்தில், அந்த வீட்டுக் குளிருக்கு அது காணாது, பழைய பொயிலரைக் கழற்றிப் பெரிய பொயிலராகப் போடு என்று ஒரே பிடியாக நின்றார்.

என்னிடம் இருப்பது வீட்டு வேலைக்கான சான்றிதழ். பொயிலரின் சக்தி ஓர் அளவைத் தாண்டினால் அது ஹோட்டல், ஆலை வகையில் சேர்ந்துவிடும். அதைத் தொட வேறு சான்றிதழ் வேண்டும். அண்ணை வீட்டுக்கு நான் கணக்குப் பார்த்த பொயிலர் எல்லைக்குள் இருந்தது, ஆனால் விளிம்பில். எரிவாயுக் குழாயையும் அந்தப் பொயிலருக்கு மட்டுமே அளந்திருந்தேன்.

வேலை முடிகிற நேரம் அண்ணை, நான் பொயிலர் பூட்டிய பின்பக்கத்து உடுப்புத் தோய்க்கும் அறைக்குள் வந்து நின்றார்.

"இந்தக் குழாயில ஒரு கிளை விடு பிள்ளை. பிறகு சின்ன அடுப்பொண்டு வைக்கலாம்."

"என்ன அடுப்பு, அண்ணை?"

"தேத்தண்ணி போடத்தான்."

"கணக்கில இல்லாததை நான் பூட்ட ஏலாது."

"உன்னை இந்த நாட்டுக்குக் கூப்பிடேக்க நான் ஆரிட்டையும் கணக்குக் கேட்டனானே?"

கிளை விட்டேன். அதில் ஒரு அடைப்பான் வைத்து, நுனியை மூடியால் இறுக்கினேன். வேலைப் பத்திரத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. எழுதியிருந்தால் என் முதலாளி அன்றைக்கே கழற்றச் சொல்லியிருப்பார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஹோர்சன்ஸ் பக்கம் வேலை வந்தாலும் வராவிட்டாலும் அந்த வழியால் என் வேலை வண்டியான வானைத் திருப்பி, தேநீர் குடிக்கும் சாட்டில் உள்ளே போய் மூடியைத் தொட்டுப் பார்ப்பேன். அண்ணி கேலி பண்ணாமல் விடவில்லை.

"என்ன மச்சாள், பொயிலருக்குப் பிள்ளை பிறக்கப்போகுதோ? நெடுக வந்து பாக்கிறியள்!"

புதுவீட்டுக் குடிபூரல் ஒரு சனிக்கிழமை நடந்தது. நான் போனபோது முன்னறையில் பூசை முடிந்திருந்தது. பின்பக்கத்திலிருந்து சோற்று ஆவி வந்தது. நேரே அங்கே நடந்தேன்.

தோய்க்கும் அறை நடுவில் மூன்று வளைய அடுப்பு. அதன்மேல் இருநூறு பேருக்குச் சோறு வேகும் கிடாரம். ஜேர்மனியிலிருந்து வந்த ஒன்றுவிட்ட தம்பி சிலிண்டருக்கென்று செய்த அடுப்பைக் கொண்டுவந்து, குழாய் எரிவாயுவுக்குச் சரியாக எரியவில்லை என்று அதன் துளைகளைத் துறப்பணத்தால் பெருப்பித்திருக்கிறான். கெட்டிக்காரன்! நெருப்பு நீலமாக இல்லை, மஞ்சளாக நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. கிடாரத்தின் அடி முழுக்கக் கரி. சுவாலை காற்றுக்கு அலைகிறதென்று, வெளிக்காற்று வருவதற்காக நான் சுவரில் விட்ட துவாரத்துக்குள் கட்டில் விரிப்பைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். அடுப்பின் குழாய் என் கிளையில் பூட்டியிருந்தது.

அண்ணையின் பேத்தி, ஐந்து வயது, உடுப்புக் கூடையில் சாய்ந்திருந்தாள். தலை இடிக்கிறது என்று டேனிஷில் சொன்னாள்.

"புகை பட்டிருக்கும்" என்றார் அண்ணை, அகப்பையோடு.

நான் அடைப்பானைத் திருகி மூடினேன். விரிப்பை இழுத்தெறிந்தேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, "எல்லாரும் வெளியில போங்கோ! ஒருத்தரும் உள்ள நிக்கக்கூடாது!" என்று கத்தியபடி ஓடினேன். பட்டுச்சேலையும் வேட்டியுமாகச் சனம் புல்லுத்தரையில் குளிரில் நடுங்கி நின்றது.

"உனக்கென்ன விசரே?" அண்ணை எனக்குப் பின்னால் ஓடிவந்தார். "சோறு அரைவேக்காடு! வந்த சனத்துக்கு நான் என்னத்தைக் குடுக்கிறது? சபையில என்ர முகத்தில கரி பூசிப்போட்டாய்!"

வானுக்குள் இருந்த நச்சுக்காற்று மானியை எடுத்துவந்து, அறை வாசலில் அவர் கண்முன்னால் நீட்டினேன். அது வீரிட்டுக் கத்தத் தொடங்கியது, நிற்கவில்லை. அண்ணையின் கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது.

மருமகள் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினாள். ஒக்சிசன் பிடித்தார்கள். பின்னேரம் பிள்ளை ஐஸ்கிறீம் கேட்டாளாம். அதைக் கேட்டதும் வானுக்குள் இருந்து குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

நடந்ததை முதலாளிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அண்ணை தொலைபேசியில் மெதுவாகச் சொன்னார்.

"அந்தக் கிளை முந்தியே இருந்தது எண்டு எழுது. பழைய வீடுதானே, ஆரைக் கேப்பினம்?"

"நான் போட்டது, அண்ணை."

அப்படியே எழுதினேன். முதலாளி இரண்டு தரம் வாசித்தார். வீட்டுக்குள் இருநூறு பேருக்கு ஏன் சோறு வேகவேண்டும் என்று கேட்டார். டேனிஷில் எப்படிச் சொன்னாலும் அது பைத்தியக்காரத்தனமாகவே வந்தது. திரும்பப் படித்துச் சோதனை எடுக்கும்வரை எரிவாயுவை நான் தொடக்கூடாது என்றார். இப்போது குளியலறைத் தண்ணீர்க் குழாய்கள் பூட்டுகிறேன்.

அண்ணை பிறகு என்னோடு கதைக்கவில்லை. ஒரு மாதம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் வந்து நின்றார். காரின் பின்பெட்டியில் அந்த அடுப்பு துண்டு துண்டாகக் கிடந்தது.

"இதை நீயே வைச்சிரு. அங்க கிடந்தா நான் திரும்பவும் பத்தவைச்சாலும் வைப்பன்."

இறக்கி வைத்தோம். அவர் போகவில்லை.

"உங்கட ஒபிசால வேற ஒருத்தன் வந்து கிளையை வெட்டினவன். வேலை நல்ல வேலைதான்." நிலத்தைப் பார்த்தார். "எண்டாலும் பிள்ளையள் அதுக்கு மேல்மாடியில படுக்குதுகள். நீ ஒருக்கா வந்து பாரன்."

"நான் தொட ஏலாது, அண்ணை."

"தொட வேண்டாம். பாத்தாக் காணும்."

அவர் சொல்லி முடிக்கும்போது நான் சப்பாத்தை மாட்டிக்கொண்டிருந்தேன்.